ஜாதகத்தின் ஓரத்தில் ஒரு விரல்

இதைக் கதை என்று நினைத்துப் படித்தால் அது உங்கள் இஷ்டம். நடந்தது என்று சொல்ல என்னிடம் மணி, நிமிஷத்தோடு விவரம் இருக்கிறது. கோவில்பட்டியில் பசுவந்தனை ரோட்டில், மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. போன ஆவணி மாதம். நேரம் பன்னிரண்டு.

ராத்திரி பன்னிரண்டு இல்லை. பகல். பேய்க்கு நடுச்சாமத்தில்தான் வேலை, பகலில் அதற்கு லீவு என்று நம்பிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித் திரிகிற சூரர்கள் நிறையப் பேர் உண்டு. கரிசல்காட்டில் உச்சி உருமத்தில் தனியாக ஒருநாள் நின்று பார்த்திருந்தால் அப்படிப் பேசமாட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு காக்கா கூடப் பறக்காது.

மாடி அறைக்காரன் பெயர் மணிராஜ். வயது முப்பத்தாறு. கோயம்புத்தூரில் எட்டு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். அங்கே தன் அருமை யாருக்கும் தெரியவில்லை என்று ஊருக்குத் திரும்பி வந்தான். இங்கேயும் யாருக்கும் தெரியவில்லை, அது வேறு விஷயம். வந்தவன் ஒரு திருமணத் தகவல் இணையதளம் தொடங்கினான். சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் ஜாதகங்கள் அதில் இருக்கின்றன. அவன் வீட்டில் உலை கொதிப்பதே அந்த ஜாதகங்களால்தான். ஆனால் ஜாதகம் கொண்டுவருகிற ஆளைக் கண்டாலே அவனுக்கு இளக்காரம்.

"பன்னெண்டு கட்டம் போட்டு அதுல ஒம்போது பேர உக்கார வச்சிட்டு, எம்மவளுக்கு எப்பக் கல்யாணம்னு அந்தக் காயிதத்துக்கிட்ட கேக்குதானுவ," என்று கீழ்க்கடை அப்துல் நாசரிடம் சொல்லிச் சிரிப்பான்.  நாசர் மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றையும்விட மணிராஜுக்கு வெறுப்பு கட்டைவிரல் மேல். ஊர்க்காரர்கள் ஜாதகத் தாளைப் போனில் படம் எடுத்து அனுப்பும்போது, தாள் பறக்காமல் ஓரத்தில் ஒரு விரலை வைத்து அமுக்குவார்கள். அந்த விரலும் படத்தில் விழுந்துவிடும். நகத்தில் கரிசல் மண், சுண்ணாம்பு, சில சமயம் மஞ்சள். ஒவ்வொரு விரலையும் கம்ப்யூட்டரில் வெட்டி எடுப்பது மணிராஜின் வேலை. ஒரு தாளைப் படம் எடுக்கத் துப்பில்லாத ஜென்மங்களுக்கெல்லாம் சம்பந்தம் ஒரு கேடா என்று ஏசிக்கொண்டேதான் வெட்டுவான்.

செவ்வாய்க்கிழமை காலை 11:10. எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து வேல்சாமி என்று ஒருத்தர் வந்தார். மானாவாரி விவசாயி. மகள் முத்துச்செல்வியின் ஜாதகத்தை மூன்று வருஷம் முன்னாலேயே தளத்தில் பதிந்து வைத்திருப்பவர்.

ஒவ்வொரு ஜாதகத்துக்கும் தளத்தில் ஒரு லிங்க் இருக்கும். பெண் வீட்டார் அந்த லிங்கை மாப்பிள்ளை வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அவர்கள் அதைத் தொட்டால் ஜாதகம் விரியும். அவ்வளவுதான் இந்தத் தொழில்.

வேல்சாமி உட்காராமலே கேட்டார். "தம்பி, லிங்க்கு அப்படியே இருக்கணும். உள்ள இருக்குத ஜாதகம் மட்டும் மாறணும். முடியுமா?"

"எதுக்கு?"

"எம்மவளுக்கு எட்டுல செவ்வா. முப்பத்தோரு எடம் தட்டிப் போச்சு."

முப்பத்திரண்டாவது இடம் பசுவந்தனையில். மாப்பிள்ளை சக்திகுமார், வயது முப்பத்துநாலு, கல்யாணம் ஆகாதவர் என்று அதே தளத்தில் பதிவு. தாயார் பேச்சித்தாய். அவர்களுக்கு இரண்டு நாள் முன்பே லிங்க் போய்விட்டது. ஆனால் இன்னும் திறந்து பார்க்கவில்லை.

"அந்தம்மா நாள் பாக்காம ஜாதகத்தத் தொறக்க மாட்டாவளாம். வெள்ளிக்கெழம ராகுகாலம் முடிஞ்சு பன்னெண்டு மணிக்கு ஜோசியர வச்சித் தொறக்காவ. அதுக்குள்ள மாத்திரணும். வேற லிங்க்கு அனுப்புனா சந்தேகம் வந்துரும்."

"மாத்தி எழுதுன ஜாதகம் எங்க?"

"ஜோசியர் எழுத மாட்டேன்னுட்டாரு. ஒங்ககிட்டத்தான் ஆயிரக்கணக்குல கெடக்கே, நல்லதா ஒண்ணப் பாத்து..." வேல்சாமி நிறுத்தினார். "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்த முடின்னுதான சொல்லியிருக்காவ."

"ஆயிரம் எதுக்கு? ஒண்ணு போதும்."

"இந்த எடமும் போச்சுன்னா இனிமே எவன் முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன்னுட்டா தம்பி. இருவத்தொம்போது வயசு. சொன்னாச் செஞ்சிருவா."

மணிராஜுக்கு இரக்கம் வந்தது என்று நினைக்காதீர்கள். அந்தப் பண்டம் அவனிடம் கிடையாது. இந்த வித்தை இந்த ஊரில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்கிற கர்வம். அதற்காகத்தான் ஒத்துக்கொண்டான்.

வித்தை என்ன பெரிய வித்தை? விவரம் தெரியாத ஆள் பழைய படத்தை அழித்துவிட்டுப் புதுசை ஏற்றுவான். உடனே லிங்க் மாறிவிடும். பழைய லிங்கைத் தொட்டால் 'கிடைக்கவில்லை' என்று வெள்ளைப் பக்கம் வந்து நிற்கும். மணிராஜ் பழைய படத்தின் பெயரையே புதுப் படத்துக்கும் வைத்து, சர்வருக்குள் நேராகப் போய் அதன் மேலேயே ஏற்றிவிடுவான். பெயர் அதே, இடம் அதே, எனவே லிங்கும் அதே. முத்துச்செல்வியின் ஃபைல் பெயர் 2317. அது அவளுடைய பதிவு எண்.

வயது ஒத்துப்போக வேண்டும். அதனால் அவள் பிறந்த 1996 ஆடி மாத ஃபோல்டரைத் திறந்தான். பதினோரு ஜாதகம் இருந்தது. பத்திலும் ஏதோ ஒரு கோளாறு. பதினொன்றாவது சுத்த ஜாதகம். அந்த ஃபைலுக்கு மட்டும் பதிவு எண் இல்லை. எவனோ சோம்பேறி எண் போடாமல் ஏற்றியிருக்கிறான் என்று நினைத்தான். அந்தத் தளத்தில் படம் ஏற்றுகிற ஆள் தான் ஒருத்தன்தான் என்பது அந்த நிமிஷம் அவனுக்கு உறைக்கவில்லை.

கோடு போட்ட நோட்டுத் தாள். நீல மை. நாலு மூலையிலும் மஞ்சள். மேலே காளீஸ்வரி என்று பெயர். கீழே இடது ஓரத்தில்... கட்டைவிரல்.

பொம்பளை விரல். நகத்தில் பாதி அழிந்த மருதாணி. தோல் வெளுத்துச் சுருங்கி இருந்தது. ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய விரல்.

"துணி தொவைச்சிட்டுக் கையக் கூடத் தொடைக்காம எடுத்திருக்கு மூதேவி," என்றான் மணிராஜ். விரலை வெட்டினான். காளீஸ்வரியை அழித்தான். முத்துச்செல்வி என்று அடித்தான். 11:52-க்கு ஏற்றி முடித்தான். தன் போனில் லிங்கைத் தொட்டு வேல்சாமியிடம் காட்டினான். சுத்த ஜாதகம், முத்துச்செல்வி பெயரில். வேல்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். மணிராஜ் அதைக் கவனிக்காதது போல இருந்தான்.

அவர் போன பிறகு, சாப்பிடக் கிளம்புமுன் இன்னொரு தடவை திறந்து பார்த்தான். மணி 12:00.

ஓரத்தில் கட்டைவிரல் இருந்தது.

வெட்டாத படத்தை மாற்றி ஏற்றிவிட்டோம் என்று நினைத்தான். ஆனால் மேலே பெயர் முத்துச்செல்வி என்றுதான் இருந்தது. பெயரை மாற்றியது விரலை வெட்டிய பிறகு. பெயர் மாறிய படத்தில் விரல் இருக்க வழியே இல்லை. மறுபடி ஏற்றினான். 12:09-க்கு விரல் இல்லை. வெயில் கண்ணைக் கட்டுகிறது என்று சொல்லிக்கொண்டு சாப்பிடப் போனான்.

புதன்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. அறையைப் பூட்டிவிட்டு வீட்டில் கொழுக்கட்டை தின்றுவிட்டுத் தூங்கினான்.

வியாழக்கிழமை 11:40. ஒரு பெண் படியேறி வந்தாள். கழுத்தில் எட்டயபுரத்து மருந்துக்கடை அடையாள அட்டை. லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். முத்துச்செல்வி.

"சார், எஞ்சாதகத்தத் திரும்பப் போட்ருங்க."

"ஒங்கப்பா கேட்டுச் செஞ்சது. அவரு வந்து சொல்லட்டும்."

"ஜாதகம் என்னோடது."

"ஒன்னோடதப் பாத்துட்டு முப்பத்தோரு பேரு ஓடிருக்கான். நான் போட்டதப் பாத்துட்டு ஒருத்தன் வரப் போறான். எது வேணும்?"

இப்படிப் பேசுகிறவனை என்ன செய்வது? முத்துச்செல்வி ஒன்றும் செய்யவில்லை. போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"செவ்வாக்கெழம ராத்திரி பாத்தேன். ஒண்ணுமில்ல. நேத்து மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பாத்தேன். ஓரத்துல மூணு வெரல் இருந்துச்சு. அது யாரு கையி?"

மணிராஜ் அவள் போனில் பார்த்தான். விரல் எதுவும் இல்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் கூட இப்படி இருந்தால் நாடு எப்படி உருப்படும் என்று கேட்டான்.

"பன்னெண்டு ஆவட்டும் சார்," என்றாள் அவள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். அவனும் வம்புக்கென்றே உட்கார்ந்தான். 11:56. கீழே நாசரின் கடையில் ஒரு மிக்ஸி கதறி நின்றது. 11:58. 11:59.

12:00.

போனை யாரும் தொடவில்லை. படம் ஒரு தடவை வெளுத்தது. திரும்ப வந்தது.

கை இருந்தது. மணிக்கட்டு வரை. இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல். விரல்களிலிருந்து வழிந்த தண்ணீரில் நீல மை ஓரத்தில் கரைந்திருந்தது. ஆள்காட்டி விரல் ஒரு கட்டத்தின் மேல் இருந்தது.

முத்துச்செல்வி குனிந்து எண்ணினாள். "லக்னத்துலேருந்து எட்டு," என்றாள்.

"அது எப்படித் தெரியும் ஒனக்கு?"

"எட்டாங்கட்டம் எனக்கு மனப்பாடம் சார். பொம்பளைக்கு அது மாங்கல்யத்தோட எடம்."

மணிராஜுக்கு வாய் உலர்ந்துவிட்டது. ஆனாலும் அந்த வாய் சும்மா இருக்குமா? "எவனோ சர்வருக்குள்ள பூந்து வெளையாடுதான். கண்டுபிடிச்சுக் கைய ஒடிக்கேன்," என்றான். குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

12:04-க்குக் கை மறைந்தது. முத்துச்செல்வி போனை எடுத்துக்கொண்டாள். "எடுத்துருங்க சார். எனக்காக இல்ல. அந்தப் பொண்ணு என்னமோ சொல்லுது," என்றாள். படியிறங்கிப் போனாள்.

அவன் சர்வரின் பதிவேட்டைத் திறந்தான். யார், எப்போது, எந்த இணைப்பிலிருந்து லிங்கைத் தொட்டார்கள் என்று அதில் இருக்கும். செவ்வாய்க்கிழமை 12:00. புதன்கிழமை 12:00. வியாழக்கிழமை 12:00. மூன்று நாளும் ஒரே இணைப்பிலிருந்து ஒருத்தர் தொட்டிருந்தார். அந்த எண் அவனுக்குப் பழக்கமான எண்ணாக இருந்தது. இரண்டு தடவை ஒத்துப் பார்த்தான்.

அது அவனுடைய அறையின் இணைப்பு.

புதன்கிழமை அறை பூட்டியிருந்தது. சாவி அவன் இடுப்பில் இருந்தது.

வேல்சாமிக்குப் போன் போட்டான். திரும்பப் பழையதைப் போட்டுவிடவா என்றான். அந்த மனுஷன் அழுதார். "நாளைக்கு ஒரு நாள் தம்பி. ஒரே ஒரு நாள் பொறுத்துக்கிடுங்க." மணிராஜ் பாஸ்வேர்டை மாற்றினான். மாலைக்குள் நாலு தடவை மாற்றினான்.

வெள்ளிக்கிழமை 11:15-க்கு வந்து உட்கார்ந்தான். ராத்திரி தூங்காத கண். யோசித்துப் பார்த்தால் ஒரு வழிதான் இருந்தது. ஜோசியர் முன்னால் அந்தக் கை வந்து நின்றால் ஜாதகம் மாற்றியது வெளியே வரும். அந்தப் பெண்ணுக்கு இனி ஒரு வாசலும் திறக்காது. அவன் தளத்தையும் இழுத்து மூட வேண்டியதுதான். அதற்கு எட்டில் செவ்வாயே தேவலை. முத்துச்செல்வியின் சொந்த ஜாதகத்தைத் தேடி எடுத்தான். அதே பெயர், 2317. அதே இடம். 11:46-க்கு ஏற்றினான்.

லிங்கைத் தொட்டான். முத்துச்செல்வியின் சொந்த ஜாதகம் வந்தது. 11:50-க்குத் தொட்டான். அதுவே வந்தது. 11:54-க்கும் அதுவே. அவனுக்கு மூச்சு வந்தது. இந்தச் சின்ன விஷயத்துக்கா பயந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். பயம் விலகியதும் பழைய திமிர் வந்துவிட்டது. காலைத் தூக்கி மேஜை மேல் போட்டான்.

11:57. கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. கீழே மிக்ஸிச் சத்தம் நின்றது. கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில் ஓடியது. ரோட்டில் ஒரு வண்டிச் சத்தம் கூட இல்லை. வெயில் ஜன்னல் கம்பியில் அப்படியே நின்றது.

11:58.

ஞ்ஞீ... என்று ஒரு சத்தம்.

அலமாரியில் பழைய ஸ்கேனர் கிடந்தது. ஊர்க்காரர்கள் போனில் படம் எடுக்கப் பழகிய பிறகு அதை இரண்டு வருஷமாக யாரும் தொடவில்லை. வயர் அதைச் சுற்றியே கட்டியிருந்தது. எதிலும் சொருகவில்லை.

மூடியின் இடுக்கில் வெளிச்சம் ஊர்ந்தது.

ஞ்ஞீ... ஞ்ஞீ...

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. நின்றது. திரும்ப ஆரம்பித்தது.

அவன் எழுந்தான். காலில் செருப்பு இல்லை. தரை ஈரமாக இருந்தது. பாசி வாடை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அடிக்குமே, அந்த வாடை.

மூடியைத் தூக்கினான்.

கண்ணாடி மேல் ஒரு கை அச்சு. ஐந்து விரல். ஈரம்.

சட்டை நுனியால் துடைத்தான். போகவில்லை.

அழுத்தித் துடைத்தான். போகவில்லை.

ஈரம் கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.

11:59.

பின்னால் வளையல் சத்தம். ஒரே தடவை. கிளிங்...

திரும்பினான். யாரும் இல்லை. கம்ப்யூட்டர் திரை வெளுத்தது.

அவன் ஏற்றிய ஜாதகம் இல்லை.

கோடு போட்ட நோட்டுத் தாள். நீல மை. அவன் அழித்த பெயர்... காளீஸ்வரி.

இரண்டு கை. தாளை இரண்டு பக்கமும் பிடித்திருந்தது.

திரை வெளுத்தது. முழங்கை.

வெளுத்தது. தோள். நனைந்த சேலை. தோள் மேல் ஒட்டிய முடி.

12:00.

அடுத்தது முகம்.

மணிராஜ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மூடின கண்ணுக்கு முன்னால் ஏதோ சில்லென்று நின்றது. கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு.

எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. போன் அடித்தது. 12:04.

கண்ணைத் திறக்காமலே எடுத்தான்.

"எப்பா... தளம் நடத்துத மணிராஜா?" வயசான பொம்பளைக் குரல்.

"ஆமா."

"பசுவந்தனைலேருந்து பேச்சித்தாய் பேசுதேன். இந்தக் காயிதம் ஒனக்கு எங்கன கெடச்சுது?"

"எந்தக் காயிதம்?"

"எம்மருமவ காயிதம்."

அவனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "ஒங்க மகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலன்னுல்லா எழுதிக் குடுத்தீங்க."

 அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் கேட்பது கேட்டது. ஜோசியராக இருக்கும்.

"அது அவ கையி," என்றாள் பேச்சித்தாய். "அது நான் போட்டுவிட்ட வளையலு..."

போன் நின்றது.

அவன் படியில் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. கீழே நாசர் கடை வாசலில் நின்றிருந்தார். அவன் சட்டையைப் பார்த்தார். தோள் வரை நனைந்திருந்தது.

"மணி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மேல வருதே ஒரு பொம்பள, பச்ச வளையல் போட்டுக்கிட்டு, அது யாரு? செவ்வாக்கெழமலேருந்து டெய்லி பன்னெண்டு மணிக்கு ஏறுது. எறங்கி நான் பாக்கவே இல்ல."

"புதங்கெழம மேல பூட்டியிருந்துச்சு," என்றான் மணிராஜ்.

"புதங்கெழமையும்தான் ஏறுச்சு," என்றார் நாசர்.

மிச்சத்தையெல்லாம் ஒரு வாரம் கழித்து நாசரின் மச்சான்தான் சொன்னார். பசுவந்தனைப் பக்கம் உளுந்து, மிளகாய் வாங்கி விற்கிறவர். சக்திகுமாருக்கு நாலு வருஷம் முன்னால் கல்யாணம் நடந்தது. சொந்த அத்தை மகள், காளீஸ்வரி. ஏழு மாதம்தான் வாழ்ந்தாள். ஒரு வியாழக்கிழமை உச்சிப் பொழுதில் தோட்டத்துக் கிணற்றில் கிடந்தாள். தண்ணீர் எடுக்கப் போய்த் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். வீட்டில் குழாய்த் தண்ணீர் வருகிறதே, எதற்குக் கிணற்றுக்குப் போனாள் என்று ஊரில் ஒருத்தர் கேட்கவில்லை. பெற்றவர்களும் கேட்கவில்லை. சொந்தத்துக்குள் அசிங்கம் வேண்டாமாம். என்ன ஜென்மங்கள் என்று சொல்லுங்கள். ஒருத்தர் மகளுக்காக ஜாதகத்தை மாற்றினார். இன்னொருத்தி மகனுக்காகச் செத்த மருமகளையே இல்லாமல் ஆக்கினாள். நடுவில் இரண்டு பேரையும் பார்த்து இளக்காரமாகச் சிரித்துக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்.

சம்பந்தம் அன்றைக்கே முறிந்தது. பேச்சித்தாய் வீட்டிலிருந்து அப்புறம் ஒரு வார்த்தை வரவில்லை. வேல்சாமிக்கு விஷயம் தெரிந்தபோது, வந்து மணிராஜின் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டுக்கா என் மகளை அனுப்ப இருந்தேன் என்று மட்டும் சொன்னார். முத்துச்செல்வி இப்போதும் எட்டயபுரத்தில் அதே மருந்துக்கடையில்தான் இருக்கிறாள். அவள் லிங்கைத் தொட்டால் இன்றைக்கு அவள் சொந்த ஜாதகம்தான் வருகிறது, எட்டில் செவ்வாயோடு. நான் தொட்டுப் பார்த்தேன். காலை பத்து மணிக்குத்தான். பன்னிரண்டு மணிக்குத் தொட எனக்குத் தைரியம் இல்லை.

மணிராஜுக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. அத்தை மகளைக் கட்டினவர்கள். பொருத்தம் பார்க்கவில்லை, எந்தத் தளத்திலும் பதியவில்லை. அப்படியானால் அந்த ஜாதகம் அவனுடைய ஃபோல்டருக்குள் எப்படி வந்தது? திறந்து பார்த்தான். 1996 ஆடியில் பத்து ஜாதகம்தான் இருந்தது. ஆனால் விரலை வெட்டுமுன் அவன் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்த நகல் இருந்தது. அதை நாசரின் மச்சானிடம் காட்டினான்.

அவர் அதைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். செத்தவர்கள் ஜாதகத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அவள் செத்ததற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சுடுகாட்டில், காளீஸ்வரியின் நெஞ்சு மேல் வைத்து அந்தத் தாளையும் சேர்த்துத்தான் எரித்தார்களாம். அவள் அப்பா கையால் எழுதின ஒரே தாள். மச்சான் அங்கே நின்றிருக்கிறார். நீல மை கருகியதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

போனில் எடுத்த எந்தப் படத்துக்குள்ளும் அதை எடுத்த நாளும் நேரமும் பதிந்திருக்கும். மணிராஜ் அந்த நகலில் அதைத் திறந்து காட்டினான்.

நாலு வருஷம் முன்னால். அதே வெள்ளிக்கிழமை. பகல் 12:00.